கொட்டையும் வித்தும்

வன்னி மக்களின் பேச்சிற் கொட்டை என்னும் சொல் பெரிதும் பயில்வது. புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, பனங்கொட்டை எனப் பழத்தினுள்ளே வன்மையாய் இருப்பது எதுவாயினும் அதனைக் கொட்டை என்கிறோம். எள், பயறு முதலிய சிறு மணிகளை விதை என்கிறோம். பருமையும் வன்மையுமே நம் வழக்கின் அளவுகோல். தாவரவியலாரோ பிறப்பை நோக்கிப் பெயரிடுவர்.

பூவின் சூலகம் முதிர்ந்து கனியாகும். சூலகத்தினுள்ளே உள்ள சூல்வித்து முதிர்ந்து வித்தாகும். கனியின் சுவர் உலர்ந்து, வன்மையுற்று, முதிர்ந்தபின்னும் தானே வெடியாது, பெரும்பாலும் ஒரு வித்தை மட்டும் உள்ளடக்கியிருப்பின், அக்கனி முழுவதுமே அவர் கூறும் கொட்டையாம். எனவே வித்தென்பது கனியின் அகத்துள்ளது. கொட்டையென்பது கனிவகையுள் ஒன்று.

இவ்விலக்கணங் கொண்டு நம் நாட்டுப் பொருள்களை நோக்குவாம். புளியங்கொட்டை வித்தே. பனங்கொட்டையின் வலிய ஓடு கனிச்சுவரின் உட்பகுதி. அதனுள் இருப்பதே வித்து. முல்லைத்தீவு மணற்றரையில் விளையும் கச்சான் அவரை, பயறு ஆகியவற்றின் இனம். அதன் பூ நிலத்தின்மேல் மலரும். கருவுற்றபின் சூலகத்தைத் தாங்கிய காம்பு நீண்டு மண்ணுட் புகுந்து காய்க்கும். ஆங்கு ஓடு கனிச்சுவர், பருப்பு வித்து. மரமுந்திரிகையிற் பழமென நாம் உண்பது பருத்த பூக்காம்பே. அதன் நுனியில் தொங்குவதே மெய்க்கனி. அதனைக் கொட்டையென வகுப்பார் பலர். அது மாமரத்தின் குடும்பத்தது.

நம் குளங்களிலுள்ள தாமரையோ வியப்புக்குரியது. தாமரை விதை என நாம் வழங்குவது உண்மையில் ஒரு வித்தையுடைய கொட்டைக்கனி. அதன் சுவர் நீரும் புகாத வன்மையுடையது. வடகிழக்குச் சீனத்தில், வற்றிய ஏரியொன்றின் படுக்கையிற் கிடைத்த, ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழமையுடைய தாமரைக்கொட்டை முளைத்ததென 1995 இல் ஆய்வாளர் அறிவித்தனர். வித்தின் உயிரைக் கனிச்சுவர் காத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இப்பாகுபாடு ஏட்டறிவு மாத்திரமன்று. கச்சானும் மரமுந்திரிகையும் சிலர்க்கு ஒவ்வாமையால் உயிராபத்தையும் விளைவிக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பத்தன. ஒன்று ஒவ்வாதார்க்கு மற்றையதும் ஒவ்வாதென்பது நியதியன்று. இரண்டும் ஒவ்வாதாரும் உளர். ஆதலின் வைத்தியரிடம் ‘கொட்டை ஒவ்வாது’ எனப் பொதுப்படக் கூறுதல் போதாது. உண்டது எதுவெனப் பெயர் சுட்டியே கூறல் வேண்டும். மீண்டும் உண்ணலாமோ என்பதை அவரே சோதித்துத் துணிவார். தாமே உண்டு பார்த்தல் தகாது.

வழக்குச் சொல்லைக் கைவிடவேண்டுவதில்லை; பனங்கொட்டை என்றும் பனங்கொட்டையே. எனினும், கையிலுள்ள பொருள் பூவின் எப்பகுதியினின்று பிறந்ததென வினவும் பழக்கத்தை இளமாணவர் கொள்வாராயின், வீட்டு முற்றமும் குளக்கரையுமே அவர்க்குத் தாவரவியற் கூடமாகும்.