இனிக்காத சர்க்கரை!

“காபியில சர்க்கரையே போடறதில்லை. அப்புறம் ஏன் சுகர் குறையலை?” என்று புலம்புபவரா நீங்கள்? உங்கள் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சர்க்கரையும் சோறும் ஒரே குடும்பம்தான், கார்போஹைட்ரேட். குளுக்கோஸ் ஒற்றைச் சர்க்கரை. காபியில் போடுவது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. சோற்றிலுள்ள ஸ்டார்ச்சோ ஏராளமான குளுக்கோஸ்கள் கைகோத்த சங்கிலி. நாக்குக்கு அது இனிப்பதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து ஆறவைத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் உமிழ்நீர் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். வெறும் கஞ்சி கருநீலமாகும். அதுதான் ஸ்டார்ச்சின் அடையாளம். மற்றதில் நீலம் மங்கியிருக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதி சங்கிலியை வெட்டிவிட்டது! மீதி வேலையைச் சிறுகுடல் முடித்து, குளுக்கோஸை ரத்தத்தில் சேர்க்கிறது. (சோதித்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள்.)

கீரை, காய்களின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால், அதன் பிணைப்பு வேறு. நம் உடலால் வெட்ட முடியாது. அதனால் நார்ச்சத்தாகவே வெளியேறிவிடும்.

எனவே சர்க்கரை டப்பாவை மூடினால் மட்டும் போதாது. தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, இரண்டு கரண்டி பொரியலைக் கூட்டுங்கள். மாத்திரை, ஊசி விஷயத்தில் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.