கடலடியில் கிடைத்த விமானம்!

பென்சில் தொலைந்தால் தேடலாம். விமானமே தொலைந்து போனால்?

1942இல், இரண்டாம் உலகப்போரின்போது, பிரிட்டிஷ் விமானப்படையின் 'கிட்டிஹாக்' போர் விமானம் ஒன்று எகிப்துப் பாலைவனத்தில் காணாமல் போனது. 70 ஆண்டுகள் கழித்து, 2012இல்தான் மணலில் கிடந்த அதைக் கண்டுபிடித்தார்கள்.

நம் தாம்பரத்திலிருந்து கிளம்பிய விமானமும் ஒருமுறை இப்படி மாயமானது. 2016 ஜூலை 22 அன்று, இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் 29 பேருடன் அந்தமானுக்குப் புறப்பட்டது. வங்கக்கடலுக்கு மேல் பறந்தபோது தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் பல வாரங்கள் தேடியும் கிடைக்கவில்லை.

பாலைவனத்தில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். ஆழ்கடலிலோ கும்மிருட்டு! ஆனால், அங்கே ஒலி போகும். கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருகிறதல்லவா? அப்படி ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு கடலடியைப் படமாக்கும் கருவிதான் 'சோனார்'.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், சோனாரும் கேமராவும் பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கியைக் கடலுக்குள் அனுப்பியது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில், 3400 மீட்டர் ஆழத்தில், உடைந்த பாகங்கள் படத்தில் தெரிந்தன. நம் திருவண்ணாமலை போல நான்கு மலைகளை அடுக்கினாலும் மூழ்கிவிடும் ஆழம் அது!

படங்கள் ஏ.என்-32 விமானத்தோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை. எனவே, இது அந்த விமானமாகவே இருக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

போனவர்கள் திரும்பவில்லை. ஆனால், ஏழரை ஆண்டுகள் ஏதும் தெரியாமல் தவித்த 29 குடும்பங்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது. அறிவியல் அதற்கும்தான், குழந்தைகளே!