கொப்புளம் தெரிவதற்கு முன்பே

மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளிகளில் சின்னம்மை தலைகாட்டும். முழு ஆண்டுத் தேர்வும் அப்போதுதான் நெருங்கும். ஒரு மாணவன் கழுத்தில் நாலு கொப்புளம் தெரிந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்பி, உட்கார்ந்த பெஞ்சை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன.

சின்னம்மையின் கணக்கு வேறு. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும், அதுவும் காற்றில். புதன்கிழமை கொப்புளத்தைப் பார்த்தோம் என்றால், திங்களும் செவ்வாயும் அவனோடு அதே வகுப்பில் இருந்தவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அவர்களில் யாருக்காவது தொற்றியிருந்தாலும் உடனே தெரியாது. 10 முதல் 21 நாள் வரை உள்ளேயே இருக்கும். எல்லோரும் மறந்துபோன மூன்றாவது வாரத்தில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் படுப்பது இதனால்தான்.

ஆகவே வகுப்பாசிரியர் முதலில் செய்ய வேண்டியது, நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து 21 நாள் எண்ணுவது. அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் தகவல் போக வேண்டும், நோய் கண்ட பிள்ளையின் பெயர் இல்லாமல். அந்த வகுப்புக்குப் போய்வரும் ஆசிரியைகளில் யாராவது கர்ப்பமாக இருந்து, முன்பு அம்மை வராதவராகவும் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், அவர் அன்றே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கும் இதேதான். தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் அதைச் சில நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

எப்போது திரும்ப வரலாம்? நம் வீடுகளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்பார்கள். மருத்துவம் பார்ப்பது பொருக்கை: எல்லாக் கொப்புளமும் காய்ந்து, புதிதாக எதுவும் வராமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். வாசலில் வேப்பிலை செருகுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ‘உள்ளே வராதே’ என்று தெருவுக்கே சொல்லும் பலகை அது. ஆனால் அத்தனை நாளும் குளிக்கவிடாமல் வைத்திருக்கத் தேவையில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது; குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ஆபத்து உண்டு.

பொன்னுக்கு வீங்கியும் இதே குணம்தான். கன்னம் வீங்குவதற்கு முன்பே பரவும். வீங்கியதிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருந்தால் போதும். அரசு அட்டவணைப்படி போடும் தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே என்பதால் இதற்கு அதில் காப்பு இல்லை. சின்னம்மைக்கும் அப்படியே. இரண்டுக்கும் தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கறுப்புக் கண்ணாடி போட்டால் கூச்சம் குறையும், பரவல் குறையாது. கண்ணைக் கசக்கிய கை, துண்டு, கதவுக் கைப்பிடி என்றுதான் அது போகும். பெரும்பாலும் அடினோ வைரஸ் செய்யும் வேலை. சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது. குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் தெரிந்தும் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆண்டு விழாவில் ‘ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவர்’ என்று மேடையேற்றிப் பரிசு கொடுப்பது யார்? அந்தப் பரிசை முதலில் நிறுத்தலாம். தொற்றுநோய் விடுப்பை வருகைக் கணக்கில் கழிக்காமல் விடலாம். பொதுத் தேர்வில் அம்மை கண்டவர்களைத் தனி அறையில் எழுத வைக்கிறார்கள். பள்ளியே நடத்தும் தேர்வுக்கு அதுகூட வேண்டாம். பத்து நாள் கழித்து வேறொரு வினாத்தாளைக் கொடுத்தால் ஆயிற்று.