முடங்கலும் முகநூலும்

கடிதம் எழுதுதலை ஒரு கலையாகவே நம் பாடசாலைகள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. வீட்டிலே, "என்னடா செய்யிறாய்?" என்று கேட்கும் தாய், அயலூரிலுள்ள மகனுக்கு எழுதும்போது, "நீ நலமாக இருக்கின்றாயா?" என்றே எழுதுவாள். பேச்சுக்கு ஒரு தமிழ், எழுத்துக்கு ஒரு தமிழ் என்னும் இவ்வேறுபாடு பல நூற்றாண்டுகளாக நம்மிடம் நிலைத்து நின்றது. அதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் இணையம் தளர்த்திவிட்டது. அதனால் யாம் பெற்றவை எவை, இழந்தவை எவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1960களின் தொடக்கத்திலே ஈழத்து எழுத்தாளர் சிலர் பேச்சுவழக்கைத் தம் கதைகளிற் கையாண்டபோது, அதனை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் கண்டித்தனர். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் கடும் வாதம் நிகழ்ந்தது. இன்றோ யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் தத்தம் வழக்கிலேயே முகநூலில் எழுதுகின்றனர். அன்று கதாசிரியர் துணிந்து செய்ததை இன்று பள்ளிப்படிப்புக் குறைந்தோரும் அஞ்சாது செய்கின்றனர். இது சிறு நன்மை அன்று.

எனது உறவினரான முதிய தாயார் ஒருவர் ஐந்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தியவர். கனடாவிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுத அயல்வீட்டு மாணவியின் உதவியை நாடுவது அவர் வழக்கம். மருமகளோடு ஏற்பட்ட மனத்தாங்கலையோ, கடன் தொல்லையையோ பிறர் கையால் எழுதுவிக்க நாணி, நலச்செய்தியோடு கடிதத்தை முடித்துவிடுவார். இப்போது வட்ஸ்அப்பில் நாள்தோறும் தாமே பேசி அனுப்புகிறார். இடையில் நின்ற மூன்றாமவர் நீங்கிவிட்டார். இத்தகைய விடுதலையை இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருப்போர் மறந்துவிடலாகாது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. கடிதம் எழுதுபவன் உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பான். தவறென்று தோன்றினால் கிழித்தெறிவான். பேச்சுக்கு அந்த நிதானம் இல்லை. ஆனால், அது கேட்டவர் காதோடு நின்றுவிடும். இணையத்திலோ பேச்சு, எழுத்தின் நிதானத்தைப் பெறாமலே எழுத்தினும் பரந்த வீச்சைப் பெற்றுவிட்டது. இன்றைய இடர்களுக்கெல்லாம் ஒரு முக்கிய காரணம் இதுவே என்பது என் கருத்து.

2018 பெப்ரவரியில் அம்பாறையிலே நிகழ்ந்ததை நோக்குவோம். முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த வதந்தி முகநூல் வழியாகப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டியே என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வு காட்டியது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் வன்செயல் மூண்டபோது அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. சிங்களத்தில் வந்த பகைமொழியைக் கண்டு நீக்கத்தக்க ஆட்கள் முகநூல் நிறுவனத்திடம் போதிய அளவில் இருக்கவில்லை. 2020இல் அந்நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கோரியது; எரிந்த வீடுகளுக்கு அது காலங்கடந்த சொல்லேயாகும்.

இனி, நிலைபேறு பற்றி ஒரு சொல். பெட்டியில் வைத்த கடிதத்தை ஐம்பது ஆண்டுகளின் பின்னும் எடுத்துப் படிக்கலாம். குரற்செய்தியோ தொலைபேசி பழுதுற்றால் பெரும்பாலும் அதனோடு மறைந்துவிடுகிறது. ஆயினும், இணையம் அழிவுக்கே உரியது என்று கூறுதல் பொருந்தாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவ்விழப்பை அறிந்த நம்மவருக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தின் அருமை எளிதிற் புலப்படும். ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே படியெடுக்கப்பட்டு எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தோருள் முன்னின்றவரும் ஈழத்தவரான மயூரநாதனே. பேணவேண்டும் என்று கருதியவர் இருந்தமையால் இவை நிலைத்தன. கருவி தானாக எதனையும் பேணுவதில்லை.

ஆகவே, ஆசிரியர்களுக்கு யான் கூற விரும்புவது இதுவே. மாணாக்கரிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதால் மட்டும் பயனில்லை. பாட்டியார் அனுப்பிய குரற்செய்தி ஒன்றை அவர் வழக்கு மாறாமல் எழுதிவரச் செய்யுங்கள்; பேச்சுமொழியின் வளமும் எழுத்தின் அருமையும் ஒருங்கே விளங்கும். வந்த செய்தி ஒன்றைப் பிறர்க்கு அனுப்புமுன், இதனைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா என்று வினவப் பழக்குங்கள். உறையை ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்த அந்தப் பழைய நிதானத்தைப் புதிய தலைமுறைக்குக் கையளித்தல் நம் கடமையாகும்.