பூட்டை மாற்றினால் வம்பு!

நான்கு மாத வாடகை பாக்கி. இரண்டு மாத முன்பணம் எப்போதோ கரைந்துவிட்டது. கைப்பேசியில் அழைத்தால் பதில் இல்லை. வங்கித் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. ஆத்திரத்தில் பூட்டை மாற்றக் கிளம்பும் வீட்டுக்காரர்கள் நம்மில் பலர்.

வேண்டாம். ஒப்பந்தம் முடிந்துபோனாலும், நீதிமன்றத்தை நாடாமல் குடியிருப்பவரை வெளியேற்ற மலேசியாவின் 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (7ஆம் பிரிவு) இடம் தரவில்லை. பாக்கிக்காகப் பொருள்களைப் பறிமுதல் செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கும் நீதிமன்ற ஆணை வேண்டும்; அதுவும் 12 மாத பாக்கி வரைதான். சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் செலவில்லை. இங்கேயும் சிறு தொகைகளுக்கு நீதிமன்றத்தில் அத்தகைய வசதி உண்டு.

முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் அப்படியே சாட்சியமாக ஏற்காது. வரியையும் அபராதத்தையும் முதலில் கட்ட வேண்டும். சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்தவர் பாடு இன்னும் திண்டாட்டம்.