எத்தனை ஓட்டை, எத்தனை திரை?

"அண்ணா, பின்னாடி அஞ்சு ஓட்டை இருக்குது. அஞ்சு ஸ்கிரீன் வரணும்ல? ஏன் வரல?"

என் சித்தப்பா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் டிசைனர். அவன் மேஜையில் ஏற்கெனவே இரண்டு மானிட்டர்கள். ஒன்றில் அப்பர் துண்டுகளின் 2டி பேட்டர்ன், இன்னொன்றில் லாஸ்ட்டின் 3டி மாடல். பையர் அனுப்பும் மெயில், அளவுத்தாள் எல்லாம் பார்க்க மூன்றாவது மானிட்டர் வேண்டும் என்கிறான். இதற்கு மேல், முதலாளி வீட்டுப் பையன் வெளிநாட்டிலிருந்து ஒரு எச்பி ரிவெர்ப் ஜி2 விஆர் ஹெட்செட் கொண்டுவந்திருக்கிறார். "சாம்பிள் தைக்கறதுக்கு முன்னாடியே ஷூவை இதுல பாத்துடலாமே" என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். மானிட்டரில் ஜூம் பண்ணிப் பண்ணிப் பார்க்கும்போது அசல் அளவு மறந்துபோகிறது. ஐரோப்பிய சைஸ் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர். திரையில் அது கண்ணுக்கே படாது. ஹெட்செட்டில் 42ஆம் நம்பர் ஷூ 42ஆம் நம்பராகவே எதிரில் நிற்கும்.

ஆனால் சிஸ்டத்தைப் பார்த்த கடைக்காரர் "கார்டு பத்தாது, மாத்தணும்" என்று நாற்பதாயிரத்துக்கு ஒரு கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பணம் செலவாக வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த அஞ்சு ஓட்டை. அதில் மூன்று கிராபிக்ஸ் கார்டில் இருப்பவை. கார்டு ஜிடிஎக்ஸ் 1660. எச்டிஎம்ஐ, டிவிஐ, டிஸ்ப்ளேபோர்ட் தலா ஒன்று. மீதி இரண்டும் மதர்போர்டில் இருப்பவை, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸின் போர்ட்கள். ஆக இரண்டு வேறு வேறு முதலாளிகள். தனி கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் இன்டெல் பக்கத்தைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸில் போய் மல்டி மானிட்டர் என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் அந்த ஓட்டைகளுக்கு உயிர் வரும்.

கார்டிலும் கூட ஓட்டைகளின் எண்ணிக்கையும் திரைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. திரைக்குப் படத்தை வரிவரியாக அனுப்புவது சிப்புக்குள் இருக்கும் டிஸ்ப்ளே எஞ்சின். சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் நாலு திரைதான் உச்சம். ஐந்து போர்ட் வைத்த கார்டுகளும் வந்திருக்கின்றன. அவற்றிலும் ஒரே நேரத்தில் நாலுதான் எரியும். தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: லைன்ல எத்தனை தையல் மெஷின் கிடந்தாலும், உக்காந்து தைக்கிறவங்க நாலு பேர்னா நாலு மெஷின்தான் ஓடும். உடனே புரிந்துகொண்டான்.

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். அதைப் பலரும் இன்னொரு மானிட்டர் என்றே நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2013இல் வந்த ஆக்குலஸ் டிகே1 விண்டோஸுக்கு வெறும் இரண்டாவது திரை. மவுஸ் தவறிப்போய் ஹெட்செட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு டைரக்ட் மோட் வந்தது. ஹெட்செட் தன்னை யாரென்று அறிவிக்கும்போதே "நான் டெஸ்க்டாப் இல்லை" என்று சொல்லிவிடும். விஆர் மென்பொருள் மட்டும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலும் 2018 வாக்கில் இதற்கு வழி வந்துவிட்டது. அதனால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஹெட்செட் தெரியவில்லை என்று 'டிடெக்ட்' பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் சரி. கண்ணில் படாவிட்டாலும் ஒரு டிஸ்ப்ளே எஞ்சினை அது பிடித்துக்கொள்ளும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்தது கேபிள் தாங்கும் அளவு. இதைக் கையாலேயே கணக்குப் போடலாம். ரிவெர்ப் ஜி2வில் ஒரு கண்ணுக்கு 2160×2160 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 93 லட்சம். நொடிக்கு 90 முறை மாற வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 84 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்றால் நொடிக்கு 20 ஜிகாபிட்டுக்குச் சற்று மேல். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உண்மையில் சுமப்பது 17.28. பத்தாது. 1.4 சுமப்பது 25.92. அந்தக் கார்டில் இருப்பது 1.4. எச்டிஎம்ஐ 2.0வின் கணக்கு 14.4தான், அது இந்தப் பேச்சுக்கே வராது.

அடாப்டர் போட்டால்? டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டர்கள் மலிவு. அவை ஒருவழிப்பாதை. எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்டுக்குப் போக அவை உதவாது. யூஎஸ்பியில் செருகி மானிட்டர் வரவழைக்கும் டிஸ்ப்ளேலிங்க் பெட்டிகளும் அப்படித்தான். மெயில் பார்க்க சரி, விஆருக்கு ஆகாது. தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் நடுவே 20 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் பலருக்கும் தலை சுற்றத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்து படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

எதிர்ப்பக்கம் அந்த சாதாரண 1080பி மானிட்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் அதற்கு வேண்டியது 3 ஜிகாபிட். டிவிஐ தாராளமாகத் தாங்கும். தம்பியின் மேஜையில் அந்த மானிட்டர்தான் ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

இடம் மாற்றினோம். ஹெட்செட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட். முதல் மானிட்டருக்கு எச்டிஎம்ஐ. இரண்டாவதுக்கு டிவிஐ–எச்டிஎம்ஐ கேபிள், சில நூறு ரூபாய். மெயில் பார்க்கும் மூன்றாவது மானிட்டர் மதர்போர்டில், இன்டெல் கணக்கில். ஹெட்செட்டின் யூஎஸ்பி வயரை முன்பக்கம் செருகாமல் பின்பக்க யூஎஸ்பி 3இல் செருகினோம், கேமரா தகவல் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது. அவ்வளவுதான். பெரிய கேம் எல்லாம் இந்தக் கார்டு இழுக்காது. ஒரே ஒரு ஷூவை, ரெசல்யூஷனைக் கொஞ்சம் குறைத்து, சுற்றிச் சுற்றிப் பார்க்கப் போதும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐயோ டைப்-சியோ இன்டெல் பக்கம் இணைந்திருக்கும். தனி கார்டு உள்ளே இருந்தும் ஹெட்செட் அதைத் தொட முடியாது. வாங்கும் முன் எந்த போர்ட் எந்த சிப்புக்குப் போகிறது என்று மாடல் பெயரோடு தேடிப் பாருங்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் மெட்டா குவெஸ்ட் வகை இருக்கிறது. அது டிஸ்ப்ளே கேபிளே கேட்காது. கார்டு படத்தை வீடியோவாகச் சுருக்கி யூஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்பும், ஹெட்செட் விரித்துக்கொள்ளும். டிஸ்ப்ளே எஞ்சினும் செலவாகாது. விலை, சுருக்குவதில் கொஞ்சம் தாமதமும் நுணுக்கமான இடங்களில் மங்கலும். லாஸ்ட்டின் வடிவம் பார்க்க இது பாதகமில்லை. தையல் வரியை எண்ணிப் பார்க்க எனக்குத் திருப்தியில்லை.

நிறத்துக்கு இரண்டையுமே நம்ப வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். டான் கலரில் நாலு விதம் இருந்தால் ஹெட்செட்டில் நாலும் ஒன்றுபோல்தான் தெரிகின்றன. அதற்குத் தோல் துண்டை லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மிச்சமிருப்பது மென்பொருள் சிக்கல், இதற்கு கேபிள் வைத்தியம் கிடையாது. ரிவெர்ப் ஜி2 ஓடுவது விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டியில். மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. தம்பியின் சிஸ்டம் விண்டோஸ் 10 என்பதால் ஓடுகிறது; அந்த விண்டோஸ் 10க்கோ வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அப்டேட் செய்தால் ஹெட்செட் போகும், செய்யாவிட்டால் பாதுகாப்பு போகும். பையர் டிசைன்கள் இருக்கும் சிஸ்டத்தில் இரண்டாவதை நான் ஏற்க மாட்டேன். ஸ்டோரில் தூங்கும் பழைய சிஸ்டம் ஒன்றுக்கு இந்தக் கார்டையும் ஹெட்செட்டையும் மாற்றி, நெட் இல்லாமல் பென்டிரைவில் மாடலைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய சிஸ்டத்தின் பவர் சப்ளை கார்டைத் தாங்குமா என்று அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.