அடுப்படி மூலை: கடன் எழுதுமுன் கோலம் போட்டுப் பாருங்க!



நம்ம குழுக்களில் வீட்டு வேலைக்கென்று கடன் கேட்பவர்களில் பலர் அடுப்படியைத்தான் முதலில் சொல்கிறார்கள். "தரையில உட்கார்ந்து சமைச்சது போதும், மேடை போடணும், சிங்க் வைக்கணும், அலமாரி அடிக்கணும்" என்பது நியாயமான ஆசை. அந்த வீட்டில் அதிக நேரம் நிற்பது நாம்தானே! ஆனால் கடன் வாங்குவதில் காட்டுகிற அக்கறையை, எது எங்கே வரணும் என்று யோசிப்பதில் நாம் காட்டுவதில்லை. அதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறோம். நானும் அப்படி விட்டவள்தான்.

என் வீட்டில் நடந்தது

குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி அடுப்படியை மாற்றிக் கட்டினேன். கொத்தனார், "அக்கினி மூலையில அடுப்பு, கிழக்கே பார்த்து சமையல், சரியா இருக்கும்மா" என்றார். நானும் தலையாட்டினேன். மேடை 36 அங்குல உயரம். 'ட' வடிவத்தில் திரும்புகிற மூலையில், மேடைக்குக் கீழே இரண்டு பக்கமும் செங்கல் சுவர் வைத்து, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வாய் விட்டிருந்தார். பெரிய பாத்திரம் உள்ளே போகாது. சின்னப் பாத்திரத்தை வைத்தால் கை எட்டாது. நாலே மாதத்தில் எலி குடி வந்தது. கடைசியில் அந்தச் சுவரை இடிக்க மறுபடியும் கூலி கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு, மேடையின் உயரம். என் மாமியார் என்னைவிடக் குட்டை. மனைப்பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைப்பார். ஒருநாள் சோறு வடிக்கும்போது பலகை வழுக்கிக் கஞ்சி காலில் கொட்டிவிட்டது. நல்லவேளை, லேசான காயத்தோடு போயிற்று. கடனை 20 தவணையில் கட்டி முடித்தேன். ஒவ்வொரு தவணைக்கும் அந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் பட்டது நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோலமாவுதான் நம்ம வரைபடம்

இன்ஜினீயர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு டேப்பும் கோலமாவும் போதும். அடுப்படியைக் காலி செய்து, மேடை எங்கே வரப்போகிறதோ அதைத் தரையில் கோடாகப் போடுங்கள். மேடையின் அகலம் 2 அடி. அதன்மேல் அடுப்பு, சிங்க், மிக்ஸி, தண்ணீர்க் குடம் ஒவ்வொன்றுக்கும் கட்டம் போடுங்கள். பிறகு வெறுங்கையோடு ஒரு வேளை சமையலை 'நடித்து'ப் பாருங்கள். அரிசி எடுக்கணும், களையணும், உலை வைக்கணும், காய் நறுக்கணும், தாளிக்கணும், வடிக்கணும், பாத்திரம் கழுவணும். எத்தனை எட்டு நடக்கிறீர்கள்? சுடுபாத்திரத்தோடு குறுக்கே வருகிற பிள்ளையை இடிப்பீர்களா? எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். தப்பாக இருந்தால் துடைப்பத்தால் அழித்துவிட்டு வேறு கோடு போடலாம். சிமென்ட் போட்ட பிறகு அழிக்க முடியாது.

இப்படி நடையை எண்ணிப் பார்ப்பது புது விஷயம் இல்லை. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில், தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், ஒரு பெண் சமைக்கும்போது எங்கே நடக்கிறாள், எதற்குக் கை நீட்டுகிறாள் என்று கணக்குப் பார்த்து ஓர் அடுப்படி அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. அதன் அளவு சுமார் 70 சதுர அடிதான். நம்ம 8 அடிக்கு 10 அடி அடுப்படியைவிடச் சின்னது. ஆகவே, இடம் சின்னதாக இருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

மூலை ஏன் வீணாகிறது?

'ட' வடிவ மேடையில் இரண்டு கைகள் சேருகிற இடம் 2 அடிக்கு 2 அடிச் சதுரம். மேலே பார்த்தால் இடம் இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் யாரும் நேராக நிற்க முடியாது. கீழேயோ, குனிந்து, பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும். அதனால்தான் அங்கே போனது திரும்பி வருவதில்லை. இதற்கு நாலு வழி உண்டு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

1. வாயை அகலமாக விடுவது. மூலையை ஒட்டித் தடுப்புச் சுவரோ கடப்பா கல்லோ நிறுத்தவேண்டாம். ஒரு பக்கத்திலாவது ஒரு முழத்துக்குக் குறையாமல், அதாவது ஒன்றரை அடி, திறந்திருக்கட்டும். உங்கள் அண்டாவின் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மட்டும் எடுக்கிற அண்டா, இட்லிக் கொப்பரை, பித்தளைப் பானை போன்றவை இங்கே போகலாம். தினமும் எடுக்கிற சாமான் வேண்டாம்.

2. சக்கரப் பலகை. ஒரு பலகைக்குக் கீழே நாலு சின்னச் சக்கரம் வைத்து, அதன்மேல் டிரம்மை நிறுத்தினால் இழுத்து எடுக்கலாம். டிரம்மின் மூடியைத் திறக்க, பலகையை முன்னால் இழுத்துவர இடம் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

3. அடுத்த அறையிலிருந்து திறப்பது. மூலைக்குப் பின்னால் உங்கள் வீட்டு அறையே இருந்தால், அந்தப் பக்கம் வாய் வைத்து அலமாரியாக மாற்றலாம். பள்ளிப் புத்தகம், துணிமணி வைக்க உதவும். வெளிச்சுவராக இருந்தால் இது வேண்டாம். மழையும் பூச்சி பொட்டும் உள்ளே வரும்.

4. முழுக்க மூடிவிடுவது. எதற்கும் உபயோகம் இல்லை என்றால், இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் கட்டிப் பூசிவிடுங்கள். கொஞ்சம் இடம் போனாலும் எலியும் கரப்பானும் தங்காது. அரைகுறையாகத் திறந்து வைப்பதைவிட இது மேல்.

கடைகளில் மூலைக்கென்று சுழலும் தட்டு விற்கிறார்கள். சுற்றிவிட்டால் பின்னால் இருக்கிற சாமான் முன்னால் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கேற்ற மர அலமாரி வேண்டும், செலவும் கூடும். கடன் வாங்கிச் செய்கிறவர்களுக்கு முதல் மூன்று வழிகளே போதும்.

கதவு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூலையின் இரண்டு பக்கமும் கதவு வந்தால், ஒன்றைத் திறக்கும்போது அதன் கைப்பிடி மற்றதில் இடிக்கும். மூலையை ஒட்டி இரு பக்கமும் 3 அங்குலம் கதவில்லாமல் பட்டையாக விடச் சொல்லி ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மூலைக்கு மேலே என்ன வைக்கலாம்?

அடுப்பையும் சிங்க்கையும் மூலையில் வைக்கக்கூடாது. நிற்க இடம் இருக்காது, எட்டித்தான் வேலை செய்யணும். எட்டிக் கிளறும்போது சேலைத் தலைப்பு தீயில் படும். மிக்ஸி, மூடி போட்ட தண்ணீர்க் குடம், எண்ணெய் டப்பா இவற்றுக்குத்தான் அந்த இடம். மிக்ஸிக்கு மின்சாரப் பிளக் அங்கேயே, மேடைக்கு ஒரு அடி மேலே வரட்டும். சிங்க் பக்கத்தில் பிளக் வேண்டவே வேண்டாம். சுவரில் முக்கோணமாக இரண்டு கடப்பா கல் பதித்தால் உப்பு, புளி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் மேடைக்குக் கடப்பா கல் போடும்போது யோசியுங்கள். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். கிரானைட் தாங்கும்.

8 அடிக்கு 10 அடியில் ஒரு கணக்கு

கிழக்குச் சுவர் 8 அடி, வடக்குச் சுவர் 10 அடி, வாசல் மேற்கே என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்குச் சுவரில் தெற்கிலிருந்து தொடங்குங்கள். சுடுபாத்திரம் இறக்கி வைக்க 1 அடி, அடுப்புக்கு 2½ அடி, காய் நறுக்க 2½ அடி, மீதி 2 அடி மூலை. மொத்தம் 8 அடி.

மூலையிலிருந்து வடக்குச் சுவரில் திரும்புங்கள். அழுக்குப் பாத்திரம் வைக்க 1½ அடி, சிங்க்குக்கு 2 அடி, கழுவியது வடிய 1½ அடி. அதோடு மேடை முடிகிறது. வடக்குச் சுவரில் மீதி 3 அடி. அங்கே அரிசி டிரம் அல்லது பிரிட்ஜ் நிற்கலாம்.

இதில் அடுப்புக்கும் சிங்க்குக்கும் இடையே இரண்டு எட்டுதான். அடுப்பு அக்கினி மூலையில், கிழக்கே பார்த்துத்தான் இருக்கிறது. தண்ணீர் ஈசானிய மூலைப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே வாஸ்து பார்க்கிற பெரியவர்களுக்கும் மனக்குறை இல்லை. நடுவில் 6 அடிக்கு 8 அடித் தரை மிஞ்சுகிறது. அரிவாள்மனை போட்டு உட்காரவும், கிரைண்டர் கழுவவும், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகவும் இது போதும். மேடை வந்துவிட்டது என்று தரையை முழுக்க அடைத்துவிடாதீர்கள். நமக்கு உட்கார்ந்து செய்கிற வேலையும் உண்டு.

சிங்க் தண்ணீர் போகிற குழாய் நேராக வெளிச்சுவர் வழியே இறங்கட்டும். மூலையில் வளைத்துக் கொண்டுபோனால் சோற்றுப் பருக்கை அங்கேதான் அடைக்கும். அந்தத் தண்ணீரை வாழைக்கு விட்டால் வாசலில் சாக்கடை தேங்காது.

மேடை உயரம்: முழங்கைதான் அளவுகோல்

நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அல்லது 5 அங்குலம் கழியுங்கள். அதுதான் உங்கள் மேடையின் உயரம். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு இது 32, 33 அங்குலம் வரும். அடுப்பின் உயரமும் மேடைக்கு மேலே சேருகிறது என்பதால், அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லலாம். வீட்டில் இரண்டு பேர் சமைத்தால் அடுப்புப் பக்கம் குட்டையானவருக்கு ஏற்றபடி வையுங்கள். உயரமானவர் கொஞ்சம் குனியலாம். குட்டையானவர் பலகையில் ஏறக்கூடாது.

சிலிண்டர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரை மூடிய மூலைக்குள் திணிக்கக்கூடாது. நம்ம கணக்கில் காய் நறுக்குகிற இடத்துக்குக் கீழே வைக்கலாம். அங்கே தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஓட்டை விட்டு எலி வராமல் வலை அடியுங்கள். சிலிண்டர் எப்போதும் நேராக நிற்கணும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும். குனிந்தவுடன் ரெகுலேட்டர் கைக்கு எட்டணும். ரப்பர் குழாய் 5 அடிக்கு மேல் வேண்டாம், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். விறகடுப்பும் வைத்திருப்பவர்கள் அதை சிலிண்டர் இருக்கிற அறையில் வைக்காமல், பின்புறத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

கடன் கணக்கும் பார்த்துவிடுவோம்

30,000 ரூபாய்க் கடன், மாதம் 1 ரூபாய் வட்டி, 20 தவணை என்று வைத்துக்கொள்வோம். அசல் மாதம் 1,500 ரூபாய். முதல் மாத வட்டி 300 ரூபாய், பிறகு மாதாமாதம் 15 ரூபாய் குறையும். மொத்த வட்டி 3,150 ரூபாய். இதே கடனுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் 6,300 ரூபாய். கட்டி முடித்த மேடையை இடித்துக் கட்டினால், இடிக்கிற கூலியும் புதுச் சாமானும் இதற்கு மேல். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யவேண்டாம். முதலில் மேடை, சிங்க், கழிவுநீர்க் குழாய், பிளக். அலமாரிக் கதவை ஒரு வருடம் கழித்துப் போடலாம். அதற்குள் எந்தச் சாமான் எங்கே இருந்தால் வசதி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

அடுப்படிக் கடன் கேட்டு யாராவது விண்ணப்பம் கொடுத்தால், தீர்மானம் எழுதுமுன் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்கள்:

• தரையில் கோடு போட்டு நடந்து பார்த்தாயா?
• மேடையின் உயரம் யாருடைய முழங்கைக்கு?
• மூலையில் எதை வைக்கப்போகிறாய், அதற்குள் அண்டா போகுமா?
• சிலிண்டருக்குக் காற்றோட்டம் எங்கே?
• இப்போது அவசியம் எது, அப்புறம் செய்யலாம் என்பது எது?

கடன் தரமாட்டோம் என்று மிரட்டுவதற்காக இல்லை. கேட்பவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், கோலமாவு போடக் கூட நில்லுங்கள். ஒரு மணி நேரம்தான் ஆகும். எங்கள் குழுவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். போன மாதம் ஒரு உறுப்பினர் வீட்டில் மூன்று தடவை கோட்டை அழித்து அழித்துப் போட்டோம். நாலாவது தடவை அவர் மாமியார், "இது சரி, இங்க நான் பலகையில்லாம நிப்பேன்" என்றார். அந்த இடத்தில்தான் மறுநாள் கொத்தனார் நூல் கட்டினார்.